நீந்தத்தான் போனேன்

ஜூன் 12

இராமநாதபுரம் போய் வந்தாயிற்று. டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடுப்பில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அமுக்குகிறதாம். அதனால்தான் வலது கால் மரத்துப் போகிறது. போன வாரம் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் கடைத்தெருவில் நடந்திருக்கிறேன்!

"மூணு மாசம் பார்ப்போம் காலிதா. சரியாகலேன்னா ஆபரேஷன். அப்பவும் கால் பழையபடி வரும்னு சொல்ல முடியாது. நீச்சல் தெரியுமா?"

பாம்பன்காரியிடம் கேட்கிற கேள்வி. தெரியாது என்றதும் சிரித்தார். தண்ணீருக்குள் உடம்பின் பாரம் இடுப்பில் இறங்காதாம். முதுகுத் தசை வலியில்லாமல் பலப்படும், மூச்சு சீராகும், சர்க்கரை குறையும், ராத்திரி தூக்கம் வரும். முதலில் நெஞ்சளவுத் தண்ணீரில் நடக்கணும், பிறகு மிதக்கணும், அப்புறம்தான் நீச்சல். தனியாக மட்டும் இறங்கக் கூடாது.

யாரைக் கூட்டிக்கொண்டு போவேன்? வீட்டில் மாமியும் மகள் சஃபாவும் நானும்தான். என் வீட்டுக்காரர், மச்சான், சவூதியில் தமாமில் வேலை.

ஜூன் 15

மாமியிடம் சொன்னேன். "நம்ம வூட்டுப் பொம்பளைக என்னைக்கும்மா கடல்ல எறங்குனாக? சனம் என்ன பேசும்?" என்றபடி தைலம் தேய்த்துவிட்டார். நல்ல மனுஷிதான். தைலத்தில் கால் வந்தால் எனக்கென்ன கசக்கவா செய்யும்?

என்னைப் பெற்ற உம்மா கடைசிக் காலத்தில், புரட்டிப் போட ஆள் இல்லாமல் கிடந்தது கண்ணிலேயே நிற்கிறது. எனக்கு அது வேண்டாம், யா அல்லாஹ். சஃபா பள்ளிக்கூடம் போகிற பிள்ளை.

ஜூன் 21

குளியலறையில் விழுந்தேன். சஃபாதான் தூக்கினாள். பயந்து அழுதாள், நானும்தான்.

ஜூன் 23

விடியுமுன் சுபுஹு தொழுதேன். யாரிடமும் சொல்லவில்லை. சுடிதாருக்கு மேல் மச்சானின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டி, முக்காட்டை இறுக்கிக்கொண்டு வடக்குக் கரைக்குப் போனேன். அந்தப் பக்கத்தைப் பெண் கடல் என்போம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற இந்த மாதங்களில் குளம் மாதிரிக் கிடக்கும்.

செருப்பைக் கழற்றி அதன்மேல் போனை வைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினேன். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. வலி போன இடம் தெரியவில்லை. மாதக்கணக்கில் கூடவே இருந்த வலி! நின்ற இடத்திலேயே ஓவென்று அழுதுவிட்டேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒருத்தி என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். அங்கே மூங்கில் மிதவையில் கடல்பாசி வளர்க்கிற லீமாரோஸ்.

"சாகுறதுக்கு எங்க பாசிக்கிட்டதான் எடம் கெடச்சுச்சா? வூட்ல புள்ள இல்லையா ஒனக்கு?"

"நீந்த வந்தேன்."

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம்?"

அதற்குள் கரையில் ஆள் கூடிவிட்டது. எல்லார் கண்ணும் என் செருப்பையும் போனையும்தான் பார்த்தது.

ஜூன் 24

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு சூஃபியா லாத்தா ஆறுதல் சொல்ல வந்தார். "என்ன கஷ்டம்னாலும் ஹராமான மவுத்தத் தேடலாமா? உசுர மாய்ச்சுக்கிறது பாவமில்லையா?" கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்தி, "ஒன் மாப்பிள்ள ஹமீது அங்கன வேற யாரையும்...?"

அடிப்பாவி! மனுசனைப் பத்தி என்ன வாய் இது?

மாமி ஆள் வைத்துக் கிணற்றுக்கு மூடி போட்டுவிட்டார். வாசல் சாவி அவர் இடுப்பில்.

நீந்தத்தான் போனேன். நீந்தத்தான். எத்தனை தடவை சொல்லித் தொலைக்கிறது?

ஜூன் 25

மாமி மச்சானுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். பிறகு என்னிடம் கொடுத்தார்.

"ஏன் காலிதா இப்புடிச் செஞ்ச?"

"நீந்தப் போனேன் மச்சான்."

"சரி, வை" என்றார்.

ஜூன் 29

போனை எடுக்க மாட்டேங்கிறார். மெசேஜைப் பார்க்கிறார், பதில் இல்லை. தலையைக் குனிய வைத்துவிட்டேன் என்று நினைக்கிறாரா? தலாக் சொல்லிருவாரோ? கால் போச்சு, மானம் போச்சு, இப்ப இதுவுமா? கதவைச் சாத்தி அழக்கூட வழியில்லை. சாத்தினால் மாமி வந்து தட்டுகிறார்.

ஜூலை 2

லீமாரோஸ் வீட்டுக்கே வந்தாள்.

"பெரியம்மா, ஒங்க மருமக சாகத்தான் போறான்னு நெனச்சு நானும் கத்திட்டேன். பெறகு யோசிச்சுப் பார்த்தேன். சாகப் போறவ மூக்கப் பொத்திக்கிட்டா எறங்குவா? என்கூட அனுப்புங்க. நான் பொறுப்பு."

மாமி என் காலடியில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து சஃபா, "உம்மா, உனக்கு வலிக்கலையா?" என்றாள். குனிந்து பார்த்தால் மாமி என் வலது கால் பெருவிரலை நகம் பதியக் கிள்ளிப் பிடித்திருக்கிறார். எனக்குத் தெரியவே இல்லை.

சாவியை எடுத்துக் கொடுத்தார்.

ஜூலை 5

மிதவையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பிறகு முகத்தைத் தண்ணீரில் வைத்து வாயால் குமிழி விடணும். உப்புத் தண்ணீரைக் குடித்து இருமியதுதான் மிச்சம். "தண்ணியோட மல்லுக்கு நிக்காத. மூச்ச இழுத்துக்கிட்டுப் படு, அதுவே தூக்கும்" என்கிறாள் லீமாரோஸ். சொல்றது லேசு.

ஜூலை 11

இன்றும் முங்கினேன். இடது கால் உதைக்கிறது, வலது கால் மூட்டை மாதிரித் தொங்குகிறது. மச்சானிடமிருந்து ஒன்றுமில்லை. யாருக்காக இந்தப் பாடு?

ஜூலை 16

மிதந்தேன்!

ஜூலை 18

தலையைக்கூட இன்னும் துவட்டவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலையில் மல்லாக்கப் படுத்து மிதந்துகொண்டிருந்தேன். காது தண்ணீருக்குள், ஒன்றும் கேட்காது. திடீரென்று தண்ணீர் கலங்கியது. தலையைத் தூக்கினால், பேன்ட்டும் ஷூவுமாக ஒரு ஆள் முங்கி முங்கி எழுகிறார். "காலிதா! காலிதா!"

மச்சான்.

திருச்சியில் இறங்கி நேரே வீட்டுக்கு வந்திருக்கிறார். கடலுக்குப் போயிருக்கிறாள் என்று மாமி சொன்ன பாதியிலேயே ஓடி வந்துவிட்டார். நான் அசையாமல் கிடந்ததைப் பார்த்து செத்து மிதக்கிற மய்யித்து என்றே நினைத்துவிட்டார்.

அவருக்கு நீச்சல் தெரியாது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அது எனக்குத் தெரியாது.

"கால ஊனுங்க மச்சான்! நெஞ்சளவுதான்! ஊனுங்க!" என்று கத்திக்கொண்டே போய்ச் சட்டையைப் பிடித்தேன். நின்றார். என்னைக் கட்டிக்கொண்டு இருமினார்.

"பாஸ்போர்ட் மொதலாளிகிட்ட கெடந்துச்சு. அத வாங்கத்தான் அலஞ்சேன். போன்ல ஒன் கொரலக் கேட்டா ஒடஞ்சிருவேன்னுதான் எடுக்கல."

"நீச்சல் தெரியாம ஏன் எறங்குனீங்க?"

"நீ தண்ணியில கெடந்தியே, காலிதா."

லீமாரோஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாசியைக் கட்டினாள்.

கரை வரைக்கும் என் தோளில் சாய்ந்தே வந்தார். பாதியில் வலது குதிகாலில் சுருக்கென்று கிளிஞ்சல் குத்தியது. ஆவென்று நின்றுவிட்டேன்.

"என்னாச்சு? என்னாச்சு?" பதறிப்போனார்.

"வலிக்குது மச்சான்" என்றேன். சிரிப்பும் அழுகையுமாக வந்தது. "வலிக்குது."