நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

பிரின்ஸ் ரூபர்ட் அஞ்சல், கனடா
19 ஆகஸ்ட் 1996

எலாடியோ ஃபோந்தான்ஸ் அவர்களுக்கு,

எங்கள் ஊரையும் உங்கள் ஊரையும் ஒப்பிட்டு நீங்கள் எழுதிய நூல் கிடைத்தது. அதற்கு முன்பே அதன் ஒரு பக்கம் எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. மரக் கம்பெனியின் வக்கீல் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை நகலெடுத்து, மஞ்சள் கோடு போட்டு, விசாரணைக் குழுவிடம் கொடுத்திருக்கிறார்.

எங்கள் கடற்பாசிப் பாறைகளை ஒட்டித் துறை கட்டி, வெட்டிய மரங்களைக் கொண்டுவந்து மிதக்கவிடக் கம்பெனி அனுமதி கேட்கிறது. பட்டை உதிர்ந்து அடியில் படிந்தால் பாசி செத்துவிடும் என்று நாங்கள் சொன்னோம். அதற்கு வக்கீல் என்ன கேட்டார் தெரியுமா? "பாறை உங்களோடதுன்னு யாரு சொன்னா? உங்க வீட்லயே தங்கிச் சாப்பிட்ட ஸ்பெயின் பேராசிரியரு இல்லேங்கிறாரே!"

நீங்கள் எழுதியிருப்பது இது: "சிம்ஷியன் பழங்குடிக் கிராமத்தில் கடற்பாசிப் பாறைகளுக்கு உரியவர் எவருமில்லை. வருவோர் எவரும் அள்ளிச் செல்லலாம்."

1994 மே மாதம் நீங்கள் பார்த்தது என் அம்மாவின் நினைவு விருந்துக்கான அறுவடை. மூட்டை மூட்டையாகப் பாசி வேண்டியிருந்ததால், பாறைகளுக்கு உரியவரான என் தாய்மாமன் ஹோரஸ் மற்ற மூன்று வீட்டாரையும் அழைத்திருந்தார். அவர் அழைக்காமல் ஒரு படகும் அங்கே ஒதுங்காது. நீங்கள் ஏறி வந்த படகும்தான்.

ஆறு வாரம் என் அம்மாவின் அறையில் தூங்கினீர்கள். நூலை அடுப்பில் போடு என்றார் மாமா. நான் போடவில்லை. அன்பினால் அல்ல. சாட்சிக்கு வேண்டும்.

லெவினா மஸ்கிரேவ்


கரமெயோ, கலீசியா, ஸ்பெயின்
5 செப்டம்பர் 1996

மதிப்பிற்குரிய லெவினா அவர்களுக்கு,

நலமாக இருக்கிறீர்களா என்று கேட்டுத் தொடங்குவதே என் வழக்கம். இம்முறை கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். மே 14, சனிக்கிழமை. பதினொரு படகுகள், நான்கு வீட்டார், முப்பத்தெட்டுப் பேர். காவலாளி இல்லை, அட்டை இல்லை, அளவு இல்லை. எங்கள் ஊரில் மட்டி அள்ளும் பெண்கள் ஒவ்வொருவரிடமும் எண் போட்ட அட்டை உண்டு. காவலாளி எடை பார்த்த பிறகுதான் வாளி கரையேறும். அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்படித்தான் அந்த வாக்கியம் வந்தது. அது சரி என்று இப்போது வாதிடவில்லை. எப்படி வந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

ஒன்று சொல்ல அனுமதியுங்கள். நான் கேட்காமல் எழுதவில்லை. "இந்தப் பாறைகள் யாருடையவை?" என்று ஹோரஸ் அவர்களிடமே கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "சாப்பிடுங்க, ஆறிடப் போவுது" என்றார். அதை மறுப்பு என்றோ ஒப்புதல் என்றோ என்னால் பதிந்துகொள்ள முடியவில்லை.

என் பக்கத்து வீட்டுப் பல்பீனா முப்பது வருடமாக மட்டி அள்ளுபவள். உங்கள் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்திருந்தேன். "ஏன் வாத்தியாரே, ஞாயித்துக்கிழமை எங்க கரையிலயும் காவலாளி கெடையாது. அன்னிக்குப் பாத்திருந்தா எங்களையும் நாதியத்தவங்கன்னு எழுதிருப்பீரு போல!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டாம் பதிப்பு வந்தால் அடிக்குறிப்பில் திருத்திவிடுகிறேன். வக்கீலிடம் ஒரு சிறு செய்தியும் சொல்லுங்கள்: நான் பேராசிரியர் அல்ல, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன்.

பணிவுடன்,
எலாடியோ ஃபோந்தான்ஸ்


20 செப்டம்பர் 1996

எலாடியோ அவர்களுக்கு,

விருந்தினர் வாயில் சாப்பாடு இருக்கும்போது, விருந்து வைத்தவரிடம் போய் "இது யாருடையது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் என்ன சொல்ல வேண்டும்? "என்னுடையது, கவனமாகச் சாப்பிடு" என்றா? எங்களிடம் உரியவர் தன் வாயால் சொல்லமாட்டார். மற்றவர்கள்தான் சொல்வார்கள். பதினொரு படகுகளை எண்ணினீர்களே, அதில் ஒரு படகில் கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்கும். எண்ணத் தெரிந்த உங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை.

நூல் முழுவதையும் இப்போதுதான் படித்தேன். உங்கள் ஊர், எங்கள் ஊர் என்று இரண்டு பத்தியாகப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் பத்தியில் சம்பளம், ஓய்வூதியம், ஏலக்கூடம். எங்கள் பத்தியில் "இல்லை", "இல்லை", "இல்லை". மீன் பதப்படுத்தும் ஆலை மூடியதை எழுதியிருக்கிறீர்கள். நியாயம். படகு உரிமங்கள் எங்கள் கையைவிட்டுப் போனதை ஏன் எழுதவில்லை? ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு ஃப்ரீசர் நிறைய மீன் இருந்ததை ஏன் எழுதவில்லை? நீங்களே திறந்து பார்த்தீர்கள். அதற்கு உங்கள் அட்டவணையில் கட்டம் இல்லை போலிருக்கிறது.

பக்கம் 97: "ஹோரஸ், வயது 74, வேலையற்றவர்." எங்கள் வீட்டின் தலைவர் அவர். இந்த வரியைப் படித்துக் காட்டியபோது மாமா என்ன சொன்னார் என்பதை எழுத மாட்டேன்.

அடிக்குறிப்பு வேண்டாம். நாலு பேர் முன்னால் செய்த தவறை நாலு பேர் முன்னால்தான் துடைக்க வேண்டும். நவம்பர் 16 அன்று மாமா விருந்து வைக்கிறார். வாருங்கள். மண்டபத்தில் எழுந்து நின்று, நீங்கள் எழுதியது பொய் என்று சொல்லுங்கள். வெறும் கையோடு சொன்னால் அது காற்று. கேட்பவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். வாங்கிக்கொண்டவர்கள்தான் சாட்சி. டிசம்பர் 3 அன்று இறுதி விசாரணை. அதற்குள் குழுவுக்கும் கையொப்பமிட்டு எழுதுங்கள்.

"ஒருவேளை", "தோன்றுகிறது" என்ற சொற்கள் வேண்டாம். மீன் முட்டை ஒட்டிய பாசியை என் மேசையில் கைக்குட்டைக்குள் துப்பிவிட்டு, "மிகவும் சுவாரஸ்யமான உணவு" என்றீர்களே, அந்த மாதிரி எழுத வேண்டாம்.

லெவினா


4 அக்டோபர் 1996

மதிப்பிற்குரிய லெவினா அவர்களுக்கு,

கைக்குட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

என்னால் வர முடியாது. எனக்கு எழுபத்தொரு வயதாகிறது. மூச்சிரைப்பும் உண்டு. ஆனால் நீங்கள் கேட்டதைச் செய்ய முயன்றேன். நூலை வெளியிட்ட மாகாணச் சங்கத்தின் தலைவரைப் போய்ப் பார்த்தேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"எலாடியோ வாத்தியாரே, ஒரு எடம் தப்புன்னு ஒத்துக்கிட்டா, மீதி நாப்பது அட்டவணைய எவன் நம்புவான்?"

"ஆனா அது தப்புதானே ஐயா?"

"தப்புன்னு எழுதாதீங்க. மறுபரிசீலனைக்கு உரியதுன்னு எழுதுங்க. உங்களுக்கும் மரியாதை, அவங்களுக்கும் மரியாதை."

அந்த அறிவுரைப்படி ஓர் அறிக்கை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று நாள் ஆயிற்று. ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுத்தான் வைத்தேன். தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள். வக்கீல் செய்ததற்கெல்லாம் என்னையே பொறுப்பாக்குவது சற்றுக் கடுமை என்று ஓர் எண்ணம் எனக்கு வருகிறது. தவறானால் மன்னியுங்கள்.

எலாடியோ

இணைப்பு: "மேற்படி பாறைகள் தொடர்பான எனது கூற்று, பின்னர் கிடைத்த தகவல்களின் வெளிச்சத்தில், ஓரளவு மறுபரிசீலனைக்கு உரியதாக இருக்கக்கூடும்."


17 அக்டோபர் 1996

எலாடியோ,

உங்கள் அறிக்கையைத் திருப்பி அனுப்புகிறேன். சமையலறையில் மாமாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

"இந்த ஆளு என்னதாம்மா சொல்றாரு? ஆமாங்கிறாரா, இல்லேங்கிறாரா?"

"ரெண்டும்தான் மாமா."

"அப்போ இதையும் அந்த வக்கீலுக்கே அனுப்பிடு. அவனுக்குத்தான் ஒதவும்."

பிறகு ஒன்று சொன்னார்: "பாவம், அவங்க ஊர்ல பயந்தவங்களுக்குப் படிப்பையும் குடுத்துடறாங்க." அங்கே இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உங்களைக் கூட்டிவந்து வீட்டில் வைத்தவள் நான்.

உங்கள் நூலில் நாற்பது அட்டவணை இருக்கிறது. எங்களுக்கு இருப்பது ஒரே கரை.

சொல்ல வேண்டியதைச் சொல்வதாக இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் எழுத வேண்டாம்.

லெவினா


28 அக்டோபர் 1996

லெவினா அவர்களுக்கு,

விருந்தில் படிப்பதற்கு:

"என் பெயர் எலாடியோ ஃபோந்தான்ஸ். அந்தப் பாறைகளுக்கு உரியவர் எவருமில்லை என்று எழுதினேன். அது பொய். அவை ஹோரஸ் அவர்களின் வீட்டுக்கு உரியவை. அவர் அழைத்ததால்தான் அன்று பதினொரு படகுகள் வந்தன. அவர் அழைத்ததால்தான் நான் அங்கே கால் வைத்தேன், சாப்பிட்டேன். அவரை வேலையற்றவர் என்று எழுதினேன். அன்று முப்பத்தெட்டுப் பேருக்கு அவர் வேலை கொடுத்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்தும் அப்படி எழுதினேன். நான் தவறினேன்."

இதையே நோட்டரி முன்னால் கையொப்பமிட்டு விசாரணைக் குழுவுக்கும் அனுப்பிவிட்டேன். சங்கத்துக்கும் ஒரு பிரதி போட்டேன். நூலை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டதாக நேற்றுப் பதில் வந்தது. என் உறுப்பினர் பதவியையும் எடுத்துவிட்டார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நீங்கள் வேறு யாரிடமிருந்தோ கேள்விப்பட வேண்டாம் என்றுதான்.

விமானத்தில் ஒரு பெட்டி வருகிறது. எண்ணெயிலும் வினிகரிலும் ஊறிய சிப்பி, தொண்ணூற்றாறு டப்பா. பாதிதான் நான் வாங்கியது. மீதி பல்பீனாவும் மட்டிக்காரப் பெண்களும் கொடுத்தது. "எவனோ வந்து எங்க கரைய ஆருதும் இல்லேன்னு எழுதினா, நாங்க அவனைக் கடல்லயே தள்ளியிருப்போம். அவங்க கடுதாசி போட்டதோட விட்டாங்களேன்னு சந்தோசப்படும்" என்றாள்.

நான் வரவில்லை. முன்பு மூச்சிரைப்பு என்று எழுதினேன். விமானத்தில் உட்கார்ந்து வரும் அளவுக்கு மூச்சு இருக்கிறது. அந்த மண்டபத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. நாற்பது வருடம் குழந்தைகள் முன்னால் நின்றிருக்கிறேன். பெரியவர்கள் முன்னால் நின்று நான் தவறினேன் என்று சொல்ல என் கால்கள் வராது. எழுத முடிகிறது, அவ்வளவுதான். இந்த அளவு போதாது என்றும் தெரிகிறது.

எலாடியோ


21 டிசம்பர் 1996

எலாடியோ அவர்களுக்கு,

விசாரணை மூன்றாம் தேதி நடந்தது. வக்கீல் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்தார். குழுத் தலைவர் உங்கள் நோட்டரி கடிதத்தை அவர் முன்னால் வைத்தார். வக்கீல் படித்தார், மடித்தார், வேறு பேச்சுக்குப் போய்விட்டார். நேற்று முடிவு வந்தது. துறை அங்கே வராது. கம்பெனி வேறு இடம் பார்க்க வேண்டும். பாறைகள் பாறைகளாகவே இருக்கும்.

விருந்தில் நடந்ததையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முந்நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு மேசையருகே போனேன். எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் வாலஸ் கையைத் தூக்கிவிட்டார்.

"அந்த ஆளு எங்கே?"

"வரலை. கடுதாசி அனுப்பியிருக்காரு."

"கடுதாசி எழுந்து நிக்காதே. அவருக்குப் பதிலா யாரு நிக்கறது?"

மாமா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாலஸ்தான் மறுபடியும் சொன்னார்: "நீதானம்மா அவருக்குப் படுக்கை போட்டவ. நீயே நில்லு."

அதனால் நின்றேன். மண்டபத்தின் நடுவில், குற்றம் செய்தவர் நிற்கும் இடத்தில், "என் பெயர் எலாடியோ ஃபோந்தான்ஸ்" என்று தொடங்கினேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "நான் தவறினேன்" என்ற இடத்துக்கு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. என் மாமாவின் நிலத்தைப் பற்றி, என் மாமாவின் முன்னால், என் அம்மாவின் நினைவு விருந்து நடந்த அதே மண்டபத்தில், அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. அறுபத்திரண்டு வயதுவரை அந்த இடத்தில் நான் நின்றதில்லை. எங்கள் வீட்டில் யாரும் நின்றதில்லை.

டப்பாக்களை நானே ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். தொண்ணூற்றாறும் போதவில்லை. மீதிப் பேருக்கு எங்கள் ஃப்ரீசரிலிருந்து மீன் எடுத்துக் கொடுத்தோம். பல்பீனாவிடம் சிப்பி நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள். அது உண்மை.

எல்லாம் முடிந்ததும் மாமா எழுந்து, "தொடச்சாச்சு" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். அவர் அப்படிச் சொல்லிவிட்டால், இனி அந்தப் பக்கத்தைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் பேச்செடுக்கக் கூடாது. உங்களைக் குறை சொல்லக் கூடாது. குழந்தைகள்கூடக் கேலி பேசக் கூடாது. நானும்தான். உங்களிடம் சொல்ல இன்னும் இரண்டு பக்கத்துக்கு இருந்தது. இந்தக் கடிதத்தை முடித்துவிட்டால் அதைச் சொல்லும் உரிமை எனக்கும் இல்லை.

எங்கள் வழக்கம் என்னை வாய் மூடச் சொல்கிறது. உங்களோடு தொடர்ந்து பேசு என்று சொல்லவில்லை.

லெவினா மஸ்கிரேவ்