மாண்ட்ரியலுக்கு முந்நூற்று முப்பது மைல்

டிசம்பர் 1, திங்கள்

மகள் கிட்டல் போன் செய்தாள். இந்த ஓய்வுநாளுக்கு மாண்ட்ரியல் வர வேண்டுமாம். கல்யாணமாகி இரண்டு வருஷம். அவள் வீட்டில் நான் வாய் நனைத்ததில்லை. யூத வீடுதான், ஆனால் அவள் புகுந்த இடத்தில் ஆசாரம் நம் அளவுக்கு இல்லை.

“எல்லாம் புதுப் பாத்திரம்மா. பாலுக்குத் தனி, கறிக்குத் தனி. ஒரு வாய் சாப்பிடுவியா?”

பார்க்கலாம் என்றேன். அது ஒரு பதிலா?

டிசம்பர் 3, புதன்

வெள்ளி பதினொன்றரைக்கு விமானம். இங்கே புரூக்ளினிலிருந்து முந்நூற்று முப்பது மைல், ஒன்றேகால் மணி நேரம். அடுப்படிக் காலண்டரில் வெள்ளி விளக்கேற்றும் நேரம் 4.11. சூரியன் விழுந்தால் ஓய்வுநாள்; சனி ராத்திரி வரை வண்டியில் கால் வைக்க மாட்டேன். எப்படிப் பார்த்தாலும் மூன்று மணி நேரம் மிச்சம். என் கணக்கு தப்பாது.

கணவர் ஹெர்ஷல், “வியாழனே கிளம்பேன். மகள் வீட்ல ஒரு நாள் கூட இருந்தா குறைஞ்சா போயிடுவ?” என்கிறார். ஒரு நாள் கூட என்றால் இன்னும் மூன்று வேளை. என் பெட்டியில் அவ்வளவு மீனும் ரொட்டியும் கொள்ளாது.

ஆமாம், கட்டிக்கொண்டுதான் போகிறேன்.

டிசம்பர் 5, வெள்ளி, விமான நிலையம்

ஒரு மணி. இறக்கையில் பனியாம். “ஏறிட்டா ஒண்ணேகால் மணி நேரம்தாம்மா” — கவுண்டரில் இருக்கும் பெண் மூன்றாம் முறை சொல்கிறாள். ஏறவிட்டால்தானே!

ஹெர்ஷலிடம் போனில் புலம்பினேன். “எந்தக் காலண்டர் பார்த்த? அட புத்திசாலி, அது புரூக்ளின் சூரியன்! மாண்ட்ரியல் வடக்கால இருக்கு. அங்க மூணு அம்பத்திநாலுக்கே விளக்கேத்தணும்.”

போச்சு. இருந்த கொஞ்ச நேரமும் போச்சு.

திரும்பிவிடலாமா? திரும்பினால் கிட்டல் என்ன நினைப்பாள்? சாக்கு என்றுதான். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். ஆண்டவரே, உமக்குப் பயந்துதானே இத்தனையும்? இந்த ஒரு விமானத்தை மட்டும் —

ஏறச் சொல்கிறார்கள்.

டிசம்பர் 7, ஞாயிறு, கிட்டல் வீடு

வெள்ளியன்று இங்கே இறங்கி, எல்லா வரிசையும் தாண்டி வரும்போதே மூன்றேகால். பெட்டி வரவில்லை. “இன்னும் பத்து நிமிஷம்” என்றான் அங்கே நின்றவன். பத்து நிமிஷம் நின்றால் சாப்பாடு கைக்கு வரும், சூரியன் போய்விடும். அவனோடு சண்டை போடக்கூட நேரமில்லை. வெறுங்கையோடு டாக்ஸிக்கு ஓடினேன்.

கிட்டல் தீப்பெட்டியோடு வாசலில் நின்றாள்.

“பெட்டி எங்கம்மா?”

“வரல.”

“உன் சாப்பாடு அதுலதானே?”

நான் சொன்னதே இல்லை. தெரிந்திருக்கிறது.

“அதுலதான்.”

“அப்போ நாளை ராத்திரி வரைக்கும் பட்டினியா?”

“முதல்ல விளக்கை ஏத்துடி. பசி உயிர் போகுது.”

சூப்பில் உப்பு தூக்கல். சொல்லாமல் இருக்க முடியவில்லை. “ரெண்டாம் கிண்ணத்தைக் காலி பண்ணிட்டுச் சொல்றாங்க பாருங்க” என்று மருமகனிடம் சிரித்தாள்.

இன்று பகல் விமானத்தில் போயிருக்க வேண்டும். வியாழன் வருகிறேன் என்று ஹெர்ஷலிடம் சொல்லிவிட்டேன். அடுப்படியில் முட்டை பொரிக்கிற வாசனை. உப்புப் போடும்முன் போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும்.