ஒரு ஆட்டமும் தவறாமல்

ஏப்ரல் 12, சனி

மன்னிக்கவேணும். இந்தக் கொப்பியை அம்மா வேலை செய்கிற வீட்டு எசமானி சிஞ்ஞோறா என் பட்டமளிப்புக்குத் தந்தவ, பெரிய விசயங்கள் எழுதச் சொல்லி. தோல் அட்டை, தடித்த தாள். நான் இதில் பந்து விளையாட்டை எழுதப்போகிறேன். ஆட்களோடு வாய் திறந்து கதைக்க எனக்கு வராது.

தம்பி றொஜர் இன்றைக்கும் விளையாடினான். மெல்பேர்ணில் இரவு, இஞ்சை இத்தாலியில், பலெர்மோவில் மத்தியானம். எங்கள் கோயிலின் பங்கு மண்டபத்துச் சுவரில் இராஜநாயகம் அண்ணை நேரடி ஒளிபரப்பைப் போட்டுக் காட்டினார். பிள்ளையில்லாத குணரத்தினம் மாமா தம்பியைச் சின்ன வயதிலேயே மெல்பேர்ணுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். இந்த வருடந்தான் முதல்முறையாகப் பெரிய அணியில் நிற்கிறான். சின்னத்தில் நாரை இருப்பதால் எங்கள் சனம் அந்தக் கிளப்பை 'நாரையள்' என்றே சொல்லும். இது அவுஸ்திரேலியர்களுடைய பந்தாட்டம்: நீள உருண்டையான பந்து. காலால் உதைக்கலாம், கையால் குத்தலாம். நடு இரண்டு உயரக் கம்பங்களுக்குள்ளால் போனால் ஆறு புள்ளி. விலகிப்போய்ப் நடுக் கம்பத்துக்கும் பக்கத்துக் கட்டைக் கம்பத்துக்கும் இடையில் போனாலும் ஒன்று.

"பிழைவிட்டவனுக்கும் ஒண்டு குடுக்கினம். நல்ல சனம்," என்றா அம்மா.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பூசை முடிந்து கோயில் வாசலில் அம்மா எல்லாருக்கும் கேட்க நேர்த்திக்கடன் சொல்லிவிட்டா. இந்தப் பருவம் முழுக்க றொஜர் ஒரு ஆட்டமும் தவறாமல் விளையாடினால், செப்டெம்பர் நாலாம் தேதி இந்த நகரத்துப் புனிதை சாந்தா றொசாலியாவின் திருநாளுக்கு அவவின் மலைக்கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறுவாவாம். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு!

கிளறா அன்ரி விடுவாவா? "எமிலியானா, மகன் ஓடுறான், நீ ஏறுறாய். கிளப்பிட்டச் சொல்லி உனக்கும் ஒரு சேட் எடு."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. நேர்த்தி என்றால் அம்மாவுக்கு நேர்த்திதான்.

மே 25, ஞாயிறு

மொண்டெல்லோவில் கடற்கரை உணவகமொன்றில் வேலை கிடைத்தது. புள்ளியியல் படித்த கை, இறால் தட்டோடு தொடங்குகிறது.

ஜூன் 21, சனி

எழுதக் கை வருகுதில்லை.

மூன்றாவது கால்பகுதி. பந்துக்கு மேலே பாய்ந்த றொஜரை எதிரணிக்காரன் ஒருவன் தோளால் தாடையில் இடித்தான். மற்றவர்கள் விழும்போது கை முன்னுக்கு வரும். இவனுடைய கை வரவில்லை. மூட்டை மாதிரி விழுந்தான்.

பிறகு எழும்பினான். மண்டபம் முழுக்கக் கைதட்டல்.

"எழும்பிட்டான்! மன்னார்க் கழுதையடா, ஒண்டுக்கும் அசையாது!" என்று இராஜநாயகம் அண்ணை எங்கள் ஊர்க் கழுதைகளை இழுத்துக் கத்தினார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு தட்டினா.

கிளப் டாக்டர் உள்ளே கொண்டுபோய்க் கேள்விகள் கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னானாம், திரும்ப விட்டார்கள். ஆனால் கடைசிக் கால்பகுதி தொடங்கினபோது – ஒவ்வொரு பகுதிக்கும் அணிகள் பக்கம் மாறும் – எல்லாரும் ஒரு பக்கம் பார்த்து நிற்க, இவன் பழைய பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். இன்னொருவன் வந்து தோளில் பிடித்துத் திருப்பிவிட்டான். மண்டபம் சிரித்தது. விளையாட்டுக் காட்டுகிறானாம்.

அந்த முகத்தில் விளையாட்டு இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

கூப்பிட்டான். தம்பி போனில் நல்லாத்தான் கதைத்தான். பிறகு கேட்டான்:

"அக்கா, உன்ர படிப்பு எப்ப முடியுது?"

நான் சிரித்தேன். பகிடி என்று நினைத்தேன். மார்ச்சில் பட்டமளிப்பில் எனக்குத் தலையில் இலைக்கிரீடம் வைத்தபோது வீடியோவில் நின்றவன் இவன்தான். உடுப்பு மாற்றுகிற அறையில் இருந்த அத்தனை பெடியன்களையும் சேர்த்து, "தொத்தோரெஸ்ஸா!" என்று, இஞ்சை பட்டம் எடுத்த பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி, கத்தவைத்தவன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். அந்தச் சத்தத்துக்குத்தான் நான் அழுதேன்.

அவன் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தான்.

"மார்ச்சில முடிஞ்சுதடா."

"ஓ... ஓம், ஓம். தெரியும்." பிறகு, "அம்மாட முழங்கால் எப்பிடி?" சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அதே குரலில், "அம்மாட முழங்கால் எப்பிடி?"

டாக்டரிடம் சொல்லு என்றேன்.

"உனக்கு விசரே? தலையில அடி எண்டு ஒத்துக்கொண்டால் குறைஞ்சது ஒரு ஆட்டமாவது வெளியில இருக்கவேணும். அம்மா கோயில் வாசல்ல நிண்டு சொன்னவ. அவட நேர்த்தியை நானோ முறிக்கிறது? அக்கா, ஆருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு."

பண்ணினேன். ஏன் பண்ணினேன்?

ஜூலை 14, திங்கள்

சாந்தா றொசாலியாவின் ஜூலைத் திருவிழா; நகரம் முழுக்க வெடி. ஒவ்வொரு வெடிக்கும், இந்தச் சத்தம் அவனுடைய தலைக்குள் கேட்டால் எப்படியிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

ஜூலை 26, சனி

திரும்பவும். இந்தமுறை சின்ன இடிதான். கண்டவர்கள் குறைவு. எழும்பி, எல்லைக் கோட்டுக்குப் போய், கமராவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தான். துவாயால் வாயைத் துடைத்தான். வர்ணனைக்காரர் களைப்பு என்றார். அது களைப்பில்லை. சத்தி – வாந்தி எடுத்திருந்தான்.

"எழும்பிட்டான்!" – மண்டபம் தட்டியது. அம்மாவும் தட்டினா. நான் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துவிட்டேன்.

"என்னடி?"

"ஒண்டுமில்லை."

ஒண்டுமில்லை எண்டு சொன்னேனே! எனக்கு வாய் எதுக்கு?

ஜூலை 30, புதன்

சொல்லிவிட்டேன். பிரான்காச்சோவில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வருகிற பஸ்ஸில், அம்மாவிடம். வீட்டில் என்றால் அம்மா குளறுவா. பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பா என்று தெரியும். விழுந்தது, திரும்பத் திரும்பக் கேட்டது, சத்தி, சத்தியம் – எல்லாம்.

எங்கள் தரிப்பிடம் வந்தது, போனது. அம்மா எழும்பவில்லை. கடைசித் தரிப்பிடத்தில் சாரதி வந்து, "சிஞ்ஞோறா, முடிஞ்சுது," என்று இத்தாலிய மொழியில் சொன்ன பிறகுதான் இறங்கினோம். வீதியில் நின்று கேட்டா:

"நானோ அவன்ர வாயைக் கட்டினது?"

என் வாயில் வேறொன்று வந்தது. "அம்மா, நேர்த்தியை இப்பவே தீர்ப்பம். தீர்த்தாச்சு எண்டால் அவன் சாட்டுச் சொல்ல ஒண்டுமில்லை."

"கேட்டது கிடைக்கமுந்தி ஆரும் நேர்த்தி தீர்க்கிறதோ? கேள்விப்பட்டிருக்கிறியே?"

"தீர்க்கக்கூடாது எண்டு ஆர் சொன்னது?"

அம்மாவோடு நான் இப்படிக் கதைத்ததே இல்லை. இரண்டு பேருக்கும் திகைப்புத்தான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஏறினோம். கல்லுப் பதித்த பழைய பாதை. காலையிலேயே கல் சுட்டது. அடிவாரத்தில் அம்மா செருப்பைக் கழற்றிப் பையில் வைத்தா. நானும் கழற்றினேன். "உனக்கென்ன நேர்த்தி?" என்று கேட்டா. பையை வாங்கிக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு வளைவிலும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றா. குதிக்காலில் இரத்தம்.

மேலே, குகைக் கோயில் வாசலில் இருந்து மாமாவின் வீட்டுக்கு வீடியோ கோல் எடுத்தோம். அம்மா முதலில் தன் பாதத்தைக் காட்டினா.

"ஏறிட்டன் ராசா. நேர்த்தி முடிஞ்சுது. இனி என்னைச் சாட்டாதை."

"அம்மா... இன்னும் ஆட்டம் இருக்கெல்லே."

"றொசாலியாவுக்கும் எனக்கும் கணக்கு முடிஞ்சுது. நாளைக்கு டாக்டரிட்டப் போ."

அப்போதுதான் கவனித்தேன்: அங்கை மாலைநேரம், அவன் இருந்த அறையில் ஒரு லைற்றும் இல்லை. பிறகு சின்னப்பிள்ளை மாதிரி, "அம்மா, வெளிச்சம் பாத்தால் தலை வெடிக்குது," என்றான்.

பின்னுக்கு மாமா, "என்ன? என்னடா சொல்லுறாய்?" என்று கத்துவது கேட்டது. ஒரே வீட்டில் இருந்தவருக்கே தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

அணியில் றொஜரின் பெயர் இல்லை. இராஜநாயகம் அண்ணை கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். "அப்ப நேர்த்தி?" என்று கிளறா அன்ரி மெதுவாகக் கேட்டா. அம்மா கட்டுப்போட்ட காலைக் கதிரையில் தூக்கி வைத்தா. "அது தீர்த்தாச்சு."

ஆட்டத்தில் வேறொரு பெடியன் விழுந்தான். எழும்பினான். இராஜநாயகம் அண்ணை பழக்கத்தில் கையைத் தூக்கினவர், தட்டாமல் மடியில் வைத்துக்கொண்டார். "ஆரும் அந்தப் பெடியனைப் போய்ப் பாருங்கோவன்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நாரைகள் தோற்றுப் பருவத்தை முடித்தன. அம்மா புள்ளிகூடக் கேட்கவில்லை.

செப்டெம்பர் 4, வியாழன்

திருநாள். இந்தமுறை சப்பாத்துப் போட்டு, பஸ்ஸில் மலைக்குப் போய் வந்தோம்.

றொஜர் அடுத்த வருடம் விளையாடலாமா என்று டாக்டர்மார் இன்னும் சொல்லவில்லை. இப்போது வெளிச்சத்தில் கொஞ்சம் இருக்கிறான். காலையில் மாமாவோடு தெருமுனை வரை நடக்கிறான். சத்தியத்தை முறித்ததற்கு என்னை ஏசுவான் என்று பயந்திருந்தேன். ஏசவில்லை.

இன்று கூப்பிட்டான். அம்மாவின் முழங்கால் எப்படி என்று கேட்டான். சொன்னேன். மற்றக் கதைகள் கதைத்தோம். கடைசிவரைக்கும் காத்திருந்தேன்; திரும்பக் கேட்கவில்லை.

ஜூனிலிருந்து அவனிடம் ஒன்று கேட்காமல் வைத்திருக்கிறேன். பதிலுக்குப் பயம். அவன் போனை வைக்கப் போனான். நான் விடவில்லை.

"தம்பி, மார்ச்சில எனக்குப் பட்டம் தந்த அண்டைக்கு நீயும் உன்ர கூட்டாளியளும் சேந்து என்னை எப்பிடிக் கூப்பிட்டனியள்? ஒருக்கா அப்பிடிக் கூப்பிடன்."