பந்து பட்ட கண்

ஜூன் 14, வெள்ளி

காலையிலேயே கொதிக்கிற வெயில். ஸ்டியரிங்கில் கை வைக்க முடியவில்லை. வீட்டு ஏ.சி. மறுபடி மக்கர்.

டாக்டர் ஹெச். கூப்பிட்டார். கண் ஆஸ்பத்திரியில் என் சீனியர். பேஸ்பால் டீம் ஒன்றுக்குக் கண் டாக்டரும் அவர்தான். நாளைய ஆட்டத்துக்கு என்னையும் வரச் சொன்னார். கழுத்தில் பாஸ் மாட்டிக்கொண்டு வீரர்களின் அறை வரை போகலாமாம். என் வீட்டுக்காரர் ரவிக்கு ஒரே வயிற்றெரிச்சல். டி.வி.யில் ஒரு மேட்ச் விடாமல் பார்ப்பவர் அவர்; பாஸ் எனக்கு. சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பா, ஊறுகாய் பாட்டிலை வைத்து ரூல்ஸ் நடத்தினார். நடு மேட்டில் நிற்பவன் பிட்சர், நம்ம பௌலர் மாதிரி.

வாங்க: தயிர், கொத்தமல்லி, கேமராவுக்கு ஃபிலிம்.

ஜூன் 16, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பவே நடுராத்திரி.

ஸ்டேடியத்துக்கு அடியில் நீளமான பாதை. வியர்வை, தைலம், பாப்கார்ன், எல்லா வாசனையும் கலந்து. மசாஜ் மேஜையில் டேனி என்ற பிட்சர், சின்னப் பையன், சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். எனக்கும் கொஞ்சம் கொடுத்தான். தோலோடு மென்றேன். சிரித்தான். அவன் மனைவி ஷெல்லி குடும்பத்தார் வரிசையில் இருப்பதாகச் சொன்னான்.

வீரர்கள் உட்காரும் பள்ளத்துக்குப் பின்னால், படிக்கட்டு வாசலில் எங்களுக்கு இடம். டி.வி.யில் தெரியாத விஷயம்: பந்து சீறுகிற சத்தம். முதல் பந்திலிருந்தே எனக்குப் பயம்.

நாலாவது இன்னிங்ஸ்; இந்த ஆட்டத்தில் மொத்தம் ஒன்பது. மட்டையில் பட்ட சத்தம், உடனே இன்னொரு சத்தம். நடுவில் மூச்சுவிடக்கூட நேரமில்லை. அடித்த பந்து நேராகத் திரும்பி முகத்தில் பட, மேட்டில் நின்ற டேனி முழங்காலில் விழுந்தான், பிறகு குப்புற. ஹெச். ஓடினார், பின்னாலேயே நானும்.

கீழே சிகிச்சை அறை. வலது கண் வீங்கி மூடிவிட்டது. ஹெச். இமையை மெல்லத் தூக்க, நான் டார்ச் அடித்தேன். கண்ணுக்குள் முன்பக்கம் முழுக்க ரத்தம். விரல் தெரிகிறதா என்று கேட்டேன்.

"விரலா? சிவப்பா இருக்கு. வேற ஒண்ணும் தெரியல."

வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மட்டும் சரியாகச் சொன்னான். நல்ல அறிகுறி என்று ஹெச். தலையசைத்தார். எனக்கு அது போதவில்லை. டேனி என் கையைப் பிடித்தவன் விடவில்லை.

"பொய் சொல்லாதீங்க. கண்ணு போயிடுச்சா?"

இப்போது தெரியாது, கூடவே இருக்கிறேன் என்றேன். வேறென்ன சொல்ல. ஷெல்லி ஓடி வந்தாள். அழவில்லை. குனிந்து அவன் ஷூவைக் கழற்ற ஆரம்பித்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த முடிச்சு அவிழவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

மேகம் கூடி, பெய்யாமல் போய்விட்டது. கண்ணில் ரத்தம் பாதி இறங்கியிருக்கிறது. ஆனால் இந்த வாரத்தில் மறுபடி கசிந்தால் பார்வை போகலாம். தும்மாமல் இருக்கப் பார் என்று சொல்லியிருக்கிறோம்.

பேஜர் அடித்தாலே டேனிக்கு என்னவோ என்று நினைக்கிறேன். கடையில் நிற்கும்போது அடித்தது. பதறிப்போய்க் கூப்பிட்டால், ரவி. "பால் இருக்கான்னு பாக்க மறந்துட்டேன், வாங்கிட்டு வந்துடு." போனிலேயே கத்திவிட்டேன். பாவம். ராத்திரி அவரே ரசம் வைத்தார். ஒரே புளிப்பு. இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.

ஜூன் 20, வியாழன்

கசியவில்லை. காலையில் கண் மேல் வைத்த மூடியை எடுத்தோம். எழுத்து அட்டையில் மேல் வரி படித்தான். அடுத்தது. அதற்கடுத்தது கொஞ்சம் தட்டுத்தடுமாறி. ஷெல்லி நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள்.

எப்போது எறியலாம் என்பதுதான் அவன் முதல் கேள்வி. கண்ணுக்குக் கீழே உடைந்த எலும்பு சேரட்டும், இந்த சீசனில் இல்லை, அடுத்ததில் பார்க்கலாம் என்றார் ஹெச். டேனிக்கு வீங்கின முகமெல்லாம் சிரிப்பு.

ஷெல்லி என் பின்னாலேயே வராந்தாவுக்கு வந்தாள்.

"நீங்க சொன்னா கேப்பார். அந்தக் கண்ணு இனி ஆட்டத்துக்கு ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த இரண்டாவது சத்தம் இன்னும் என் காதில். ஆனால் கண் தேறிக்கொண்டிருக்கிறது, என்னால் பொய் சொல்ல முடியாது என்றேன். உங்கள் பயத்தை நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

"நான் சொன்னா எனக்காகவே நிறுத்திடுவார், அப்புறம் காலம் பூரா ஏங்குவார். அதுதான் பயம்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடுவதற்குள் அவள் குரல் கேட்டது. அவன் திரும்ப எறிகிற முதல் நாள், முதல் வரிசையில் தனக்கு இடம் வேண்டுமாம்.