வள்ளி ஒளிந்த கொட்டகை

தை 9, ஞாயிறு

என் கதை நோட்டு அண்ணனிடம் இருக்கிறது. தூக்கம் வரவில்லை.

விடுமுறையில் நானும் பெரிய டீச்சரும் பள்ளிப் பெண்களைக் கோடியக்கரைக் காட்டுக்கு முகாம் கூட்டிப்போனதை வைத்து எழுதிவரும் சிறுவர் நாவல் அது. அதில் வரும் சேட்டைக்காரி நான் பாடம் எடுக்கும் வகுப்பின் வள்ளியேதான். தன் பெயரையே வைக்கச் சொல்லி அவள்தான் கேட்டாள்.

மத்தியானம் சாப்பிடும்போது அண்ணன் அதை உரக்கப் படித்தார். பெரிய டீச்சரின் தலையணை உறைக்குள் வள்ளி நண்டு விட்ட இடத்தில் அண்ணனுக்குப் புரையேறியது. "நம்ம பாப்பாவுக்கா இவ்வளவு குசும்பு!" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த அத்தியாயத்தில் வள்ளி காணாமல் போகிறாள். முகாமே காட்டைச் சல்லடை போட்டுத் தேட, அவள் உப்பளத்துக்குப் பின்னால் கூரை சரிந்த கொட்டகையில் பொரி தின்றுகொண்டிருக்கிறாள். "எங்கப்பா இங்கதான் டீச்சர் படுத்துக்கறாரு. போலீசுக்கே தெரியாது. நீங்க கண்டுபிடிச்சிட்டீங்களே!" என்கிறாள். முகாமில் அன்று அவள் சொன்னது அப்படியே. சிரிப்பாக இருந்ததால் மாற்றாமல் எழுதிவிட்டேன்.

அண்ணன் சிரிக்கவில்லை. வள்ளியின் அப்பா சங்கத்துக்காரர். கூலி நெல் கூடுதலாகக் கேட்டு எங்கள் வயலில் அறுப்பை நிறுத்தியதிலிருந்து போலீசும் அண்ணனின் ஆட்களும் அவரைத் தேடுகிறார்கள்.

"அந்தக் கொட்டகை நெசமாவே இருக்கா, பாப்பா?"

"கதைதானேண்ணே."

"நல்லா எழுதுற. படிச்சுட்டுத் தர்றேன்."

மூன்று மணிக்கு அண்ணனின் ஜீப் கிளம்பியது. வள்ளி வீட்டில் போய்ச் சொல்லலாமென்று வாசலுக்கு வந்தேன். எங்கள் பண்ணைக் காரியஸ்தர் நின்றிருந்தார். "வெயில்ல எங்கம்மா போறீங்க? அண்ணன் வர்ற வரைக்கும் உள்ள இருங்க" என்றார். நானும் உள்ளே வந்துவிட்டேன்.

ஜீப் இன்னும் திரும்பவில்லை. காலையில் முதல் பாடம் வள்ளியின் வகுப்பில். அடுத்த அத்தியாயம் படிங்க டீச்சர் என்பாள்.