தோளில் வைத்துச் சுட்டீர்களாமே

'என்னங்க' என்று ஒரு தடவை கூப்பிட்டாலே திரும்பிப் பார்க்கிறவருக்கு,

ஊரில் எமர்ஜென்சி முடிந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கிறது. அது முடிந்ததும் இந்த ஷார்ஜா வீட்டைக் காலி செய்துவிட்டு வேலூருக்குக் கிளம்புகிறோம். நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோன பிறகு எல்லாவற்றையும் நான் ஒருத்தியாகத்தான் பார்க்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை, அந்தத் துப்பாக்கிக்காக.

போன வாரம் உங்கள் வொர்க்‌ஷாப் முதலாளி வந்தார், கூடவே டிரைவர் காதர். நீங்கள் மிலிட்டரியில் ஆயுதம் பழுதுபார்த்தவர் என்று, தன் தாத்தா காலத்துப் பட்டாளத் துப்பாக்கியை முதலாளி உங்களிடம் கொடுத்தாரே. துருவைச் சுரண்டி, குழலைத் துடைத்து, உடைந்த கட்டைக்குப் புது மரம் செதுக்கி எத்தனை வெள்ளிக்கிழமை அதோடு உட்கார்ந்திருந்தீர்கள்! முதலாளி மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளையே அதால் வானத்தைப் பார்த்துச் சுட வேண்டுமாம்.

"அண்ணன் கடைசியா என்ன சொன்னாங்கன்னு அர்பாப் கேக்குறாரு அக்கா. சரியாயிடுச்சா இல்லையா?" என்றார் காதர். அவருக்கு முதலாளி எப்போதும் அர்பாப்தானே.

எனக்குத் தெரியும். கடைசியாகச் சுட்டுப் பார்த்துவிட்டு வந்த அன்று, வெடித்த தோட்டாவின் வெறுங்கூட்டை என் உள்ளங்கையில் வைத்து, அடியில் ஓடிய மெல்லிய கீறலைக் காட்டினீர்கள். "தோட்டாவுக்குப் பின்னால அடைக்கிற போல்ட் இறுக்கமா உக்காரலை கோமதி. வேற போல்ட் கிடைக்கிற வரைக்கும் இதை யாரும் சுடக் கூடாது" என்றீர்கள். முதலாளியிடம் சொல்லத்தான் உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

"வேணாம்னு சொன்னாரு" என்றேன்.

முதலாளி முகம் இறுகியது. எங்கள் பயணத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். அவர் அரபியில் சீறியதைக் காதர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பொம்பளைக்கு என்ன தெரியும்ங்குறாரு. அண்ணனே தோள்ல வச்சு சுட்டாங்களே, ஒண்ணும் ஆகலையேங்குறாரு."

தோளில் வைத்தா? முதல் தடவை சுட்டுப் பார்த்தபோது நானும்தானே வந்தேன்? டயரில் துப்பாக்கியைக் கட்டி, சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கி, விசையில் நீளக் கயிறு கட்டி, லாரிக்குப் பின்னால் மறைந்து நின்று இழுத்தீர்கள். இவ்வளவு பழசைத் தோளில் வைக்கவே மாட்டேன் என்று என்னிடம் சொன்னீர்களே!

"அர்பாப்தான் அப்படிச் சுட வச்சாரு அக்கா" என்று குரலைத் தணித்தார் காதர். "நீயே பயந்தா என் மகன் எப்படிச் சுடுவான்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சாரு. அண்ணன் கயித்தை அவுத்துப் போட்டாங்க. தோள்ல வச்சு சுட்டுட்டாங்க."

ஒரு சிரிப்புக்காகவா? அந்த நேரத்தில் எங்கள் முகம் ஞாபகத்துக்கு வரவில்லையா?

"கயித்துல கட்டி இழுத்துப் பாக்கட்டும். நானும் வரேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை தைத் ஊருக்குப் போகிற வழியில் பாலைவன மணலுக்குள் போனோம். மாப்பிள்ளைப் பையனும் வந்திருந்தான். நீங்கள் கட்டினது போலவே கட்டச் சொன்னேன். முதல் குண்டு ஒழுங்காகப் போயிற்று. முதலாளி என்னை ஏறிட்டுப் பார்த்தார். இரண்டாவது குண்டின் சத்தமே வேறு மாதிரி இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் நீங்கள் செதுக்கிய கட்டை இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒரு இரும்புச் சில்லு டயருக்குள் ஆழமாக இறங்கியிருந்தது. அந்தப் பையன் மணலிலேயே உட்கார்ந்துவிட்டான். முதலாளி "கலாஸ்", முடிந்தது என்றார், அவ்வளவுதான். மறுநாளே கையெழுத்துப் போட்ட காகிதங்கள் வந்துவிட்டன. கல்யாணத்தில் மேளம் மட்டும்தானாம்.

ஒரு உயிரைக் காப்பாற்றினேன் என்கிறார் காதர். எனக்கு நிம்மதி இல்லை. அரிசி களையும்போதும் அந்தச் சில்லுதான் கண்ணில் நிற்கிறது. தோளில் வைத்துச் சுடும்போது உங்கள் கன்னத்தை வைத்திருப்பீர்களே, அந்த இடம் அது. இதை மறைத்தவர் இன்னும் எதையெல்லாம் மறைத்தீர்கள்? நெஞ்சுவலியும் முன்னாலேயே வந்திருந்ததா? அதையும் யாராவது சிரிப்பார்கள் என்றுதான் முழுங்கினீர்களா?

நீங்கள் தோளில் வைத்துச் சுட்டதை நம் பிள்ளைகளிடம் வீரம் என்று சொல்ல மாட்டேன். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல அவர்களைப் பழக்குவேன், எதிரில் நின்று எவன் சிரித்தாலும். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

கோபம் தீராத உங்கள் மனைவி,
கோமதி