பிரித்துத் தைத்த பள்ளிச் சட்டை

குட்டிம்மா,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சட்டை கதவில் தொங்குகிறது.

"வயசுப் பொண்ணு, நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்று அத்தை கேட்டதும், அம்மா சாகுமுன் உனக்கு அளவாகத் தைத்த பள்ளிச் சட்டையைப் பிரித்துத் தொளதொளவென்று ஆக்கியது நான்தான். நேற்று நீ பள்ளிக்குப் போகவில்லை என்று திட்டித் தீர்த்தேன். வகுப்பில் உன்னைக் 'கூடாரம்' என்று கூப்பிடுகிறார்கள் என டீச்சர் போனில் சொன்ன பிறகுதான் காரணம் தெரிந்தது. மறுபடி பழைய அளவுக்கே பிடித்துத் தைத்துவிட்டேன்.

சாயங்காலம் அத்தை வருவாள். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

சாவியை எதிர்வீட்டில் கொடு. பள்ளிக்குப் போக மனசில்லையென்றால் தையல் கடைக்கு வா, திட்ட மாட்டேன்.

அப்பா

இன்னொன்று. கடைக்கு வருகிற எல்லாரிடமும் "லூசா வேணுமா, டைட்டா வேணுமா?" என்று கேட்டுத்தான் கத்தரி எடுக்கிறேன். உன்னிடம் இரண்டு தடவையும் கேட்கவில்லை. போட்டுப் பார்த்துச் சொல்லும்மா.